இருபது லீற்றர் பெற்றோலும் மூன்று அமெரிக்கக் கார்களும்

கொலன்னாவையிற் குடியிருப்போருக்குப் பெற்றோல் வெறுஞ் சரக்கன்று. அயலிலே வாழும் ஓர் உறவினரைப் போன்றது. மாடி வீட்டு விறாந்தையில் நின்று நோக்கினால், தென்னை ஓலைகளுக்கு அப்பால் வெண்ணிறத் தாங்கிகள் உருண்டு திரண்டு நிற்பதைக் காணலாம். கொழும்புத் துறைமுகத்திற் கப்பல் இறக்கும் எண்ணெய் நிலத்தடிக் குழாய்கள் வழியே இங்கு வந்து சேருகின்றது. இங்கிருந்து பவுசர்களிலும் புகையிரதத் தாங்கிப் பெட்டிகளிலும் நாடெங்கும் போகின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் இத்தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தபொழுது எழுந்த கரும்புகையைத் தலைநகர் முழுவதும் கண்டது. காற்று இப்பக்கம் திரும்பும் நாட்களில் எண்ணெய் மணம் எமது சமையலறை வரை வருவதுண்டு. வந்த விருந்தினர் மூக்கைச் சுளிப்பர். நாம் அதனை உணர்வதேயில்லை.

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, அந்த விறாந்தையில் மாணவர் இருவர் பெரியதொரு வாக்குவாதத்தில் இறங்கிவிட்டனர். ஒருவர் கொட்டாஞ்சேனை, மற்றவர் வெள்ளவத்தை. உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகவியல் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒன்று கூடியவர்கள். பேச்சோ அமெரிக்காவின் 'மசில் கார்'களைப் பற்றியது. தசைநார் புடைத்த மல்லனைப் போன்ற கார் என்பதே அப்பெயரின் கருத்து. போர்ட் மஸ்டாங் சிறந்ததா, செவ்ரோலே கமாரோ சிறந்ததா, டொட்ஜ் சலஞ்சர் சிறந்ததா? இருவரும் இம்மூன்றில் ஒன்றிலேனும் ஏறியவர்களல்லர். ஆயினும் குதிரைவலுக் கணக்குகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நியூட்டனின் விதிகளை அவ்வளவு தெளிவாக ஒப்புவிப்பார்களோ என்பது ஐயமே.

இறுதியில், "நீங்களே சொல்லுங்கோ மாமா" என்று வழக்கை எம்மிடம் விட்டனர்.

கார் விமர்சகர்கள் பந்தய மைதானத்தில் வைத்துத் தீர்ப்பு வழங்குவார்கள். எமக்கு அவ்வசதி இல்லை. ஆகவே எமது ஊருக்குரிய அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அஃது இருபது லீற்றர். 2022ஆம் ஆண்டை மறந்தவர் யார்? எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாகக் கார்கள் வரிசை கட்டி நின்றன. வரிசையிலேயே உண்டு உறங்கினோர் பலர். தாங்கிகளுக்கு அருகே குடியிருந்த நாமும், அத்தாங்கிகளின் நிழல் விழும் தூரத்திலேயே இரண்டு இரவுகள் காத்து நின்றோம். பின்னர் 2022 ஓகஸ்ட் முதல் நாடெங்கும் 'கியூ.ஆர்.' பங்கீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அளவு காலப்போக்கிற் கூட்டப்பட்டு, 2023 செப்டெம்பர் முதலாந் திகதி அம்முறை எடுக்கப்பட்டது. ஆனால் 'ஒரு காருக்கு ஒரு வாரம் 20 லீற்றர்' என்ற கணக்கு எம்மவர் நெஞ்சிற் பதிந்துவிட்டது.

இக்கார்களின் பிறப்பைச் சிறிது அறிதல் நன்று. 1964ஆம் ஆண்டு பொன்ரியாக் நிறுவனத்தார், நடுத்தர அளவுக் காரொன்றினுள் 6.4 லீற்றர் கொள்ளளவும் 325 குதிரைவலுவும் உடைய பெரிய எஞ்சினை இறக்கி 'ஜீ.ரீ.ஓ.' எனப் பெயரிட்டனர். இவ்வளவு பெரிய எஞ்சினை இவ்வகைக் காருக்குப் பூட்டலாகாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸின் விதி. விலை கொடுத்து விரும்பிப் பெறும் மேலதிகப் பொருளாக எஞ்சினைப் பட்டியலிட்டு, விதியின் இடுக்கு வழியே புகுந்தார்கள். ஆகவே இவ்வினமே விதியை ஏய்த்த ஒரு மாற்றியமைப்பிற் பிறந்தது எனலாம். அதே ஆண்டு ஏப்ரில் 17இல் நியூ யோர்க் உலகச் சந்தையில் மஸ்டாங் தோன்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து இலட்சம் விற்பனையாயிற்று. அதற்குப் போட்டியாக 1967ஆம் ஆண்டு வகையாகக் கமாரோவும், 1970ஆம் ஆண்டு வகையாகச் சலஞ்சரும் வந்தன.

இந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. வளி மாசடைதலைத் தடுக்கும் சட்டம் 1970இல் இறுகிற்று. காப்புறுதிக் கட்டணம் இளைஞரின் கைக்கு எட்டாது உயர்ந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபொழுது அமெரிக்கரும் வரிசையில் நின்றார்கள். ஐம்பது ஆண்டுகளின் பின் கொழும்பு கண்ட காட்சியை அவர்கள் முன்னரே கண்டுவிட்டனர் என்க. சலஞ்சர் 1974இல் நின்றுபோய், பழைய உருவை நினைவூட்டும் புதிய மேனியுடன் 2008இல் மீண்டது. கமாரோ 2002இல் நின்று 2009இல் மீண்டது. மஸ்டாங் மாத்திரம் இடையறாது வந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியிற் கமாரோவும் சலஞ்சரும் மறுபடி நிறுத்தப்பட்டன.

இனி வழக்குக்கு வருவோம். மாணவர்கள் செய்த முதற் பிழை, சலஞ்சரின் மிக வலிய வகையை எடுத்து மஸ்டாங்கின் நடுத்தர வகையோடு ஒப்பிட்டமை. கறுத்தக்கொழும்பானைக் கறுத்தக்கொழும்பானோடன்றோ நிறுத்துப் பார்த்தல் வேண்டும்? ஒத்த தரத்தில் வைத்தால், 5 லீற்றர் எஞ்சின் கொண்ட புதிய மஸ்டாங் ஜீ.ரீ. 480 குதிரைவலுவும், 6.2 லீற்றர் கமாரோ எஸ்.எஸ். 455 குதிரைவலுவும், 6.4 லீற்றர் சலஞ்சர் ஸ்கற் பக் 485 குதிரைவலுவும் உடையன. மூன்றும் எட்டுச் சிலிண்டர் எஞ்சின்களே. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட மூன்றுக்கும் நான்கு முதல் நாலரை விநாடி வரை போதும். வேறுபாடு எடையிலேதான் இருக்கின்றது. கமாரோ ஏறத்தாழ 1,670 கிலோகிராம், மஸ்டாங் 1,740, சலஞ்சரோ 1,900ஐத் தாண்டும். எனவே நேர் வீதியில் மூவரும் தோளோடு தோள் நிற்பர். வளைவுகள் தொடங்கியதும் கமாரோ முன்னே போய்விடும். 2017இல் அதன் மிக வலிய வகையொன்று ஜேர்மனியின் நூர்பேர்க் மலைப் பந்தயப் பாதையை 7 நிமிடம் 16.04 விநாடியிற் சுற்றி வந்தது.

குடும்பத்தார் கண்ணால் நோக்கின் கதை மாறும். கமாரோவின் கண்ணாடிகள் ஒடுங்கியவை. உள்ளே அமர்ந்தால் பதுங்குகுழியிலிருந்து பார்ப்பது போலிருக்கும். அதன் டிக்கியின் கொள்ளளவு 257 லீற்றர், சலஞ்சருக்கோ 459. சந்தையில் ஒரு பலாப்பழமும் கிடுகுக் கட்டும் வாங்கினால் கமாரோக்காரர் ஒன்றைத் தலையிற் சுமந்துதான் வரவேண்டும். சலஞ்சரில் ஐவர் அமரலாம். மற்றை இரண்டிலும் பின்னாசனம் சிறு பிள்ளைகளுக்கே உரியது; அவர்களும் முறையிடுவர்.

எமது அளவுகோலை இப்பொழுது நாட்டுவோம். அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி, 20 லீற்றரைக் கொண்டு மஸ்டாங் ஜீ.ரீ. நகர ஓட்டத்தில் ஏறத்தாழ 127 கிலோமீற்றரும், நெடுஞ்சாலையில் 200 கிலோமீற்றருக்குச் சற்றே மேலும் போகும். ஸ்கற் பக்கும் ஏறக்குறைய அவ்வாறே. கமாரோ நகரில் 135, நெடுஞ்சாலையில் 220. மாணவர் போற்றிய 717 குதிரைவலுச் சலஞ்சர் ஹெல்கற், நகரில் 110ஓடு நின்றுவிடும், நெடுஞ்சாலையில் 187. எம்மூர்க் கணக்கிற் சொல்வதாயின், கொலன்னாவையிற் புறப்படும் மஸ்டாங் அநுராதபுரத்தை எட்டி மூச்சுவிடும். ஹெல்கற் அதற்கு முன்னரே நின்றுவிடும். அதன் அண்ணனான ரெட்ஐ என்ற வகையை முழு வேகத்தில் முடுக்கினால், நிமிடத்துக்கு 1.43 அமெரிக்கக் கலன், அதாவது ஐந்து லீற்றருக்கு மேல், குடிக்கும் என அதனைச் செய்தவர்களே பெருமையாய் அறிவித்தனர். ஒரு வாரப் பங்கீடு நான்கு நிமிடத்திற்குள் முடிந்துவிடும்! அந்த நான்கு நிமிடம் ஓடுவதற்கும் இங்கே இடமில்லை. எமது அதிவேகப் பாதைகளில் விதித்த உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரே.

இவ்விடத்தில், பழைய மொரிஸ் மைனரைப் பிடித்து நிறுத்தி, 'பார்த்தீர்களா எங்கள் காலத்துக் காரை' என்று பெருமை பேச எமக்கும் ஆசைதான். 1948இல் வந்து 1971 வரை செய்யப்பட்ட அக்கார் எம்மவர் பலருக்குக் குடும்ப அங்கத்தவர். அதை வரைந்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரின் ஒடுக்கம் கண்ணுக்கு ஒவ்வாமையால், நெடுக்காக இரண்டாய் வெட்டி இடையில் நான்கு அங்குலம் சேர்த்துப் பொருத்துவித்தார்; அதனாலேதான் ஆதிக் கார்களின் பம்பரின் நடுவில் ஓர் ஒட்டுத் துண்டு காணப்பட்டது. 1962இல் அதற்குக் கிடைத்த 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் வலு 48 குதிரை. அறுபது மைல் வேகத்தை எட்ட இருபது விநாடிக்கு மேலாகும். கவனமாய் ஓட்டினால் 20 லீற்றரில் 240 கிலோமீற்றர் வரை போகும், வவுனியாவை அணுகிவிடலாம்.

ஆனால் நீதி நீதிதான். மஸ்டாங்கில் 2.3 லீற்றர் நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட 'ஈகோபூஸ்ட்' என்றொரு வகை உண்டு. 315 குதிரைவலு. நெடுஞ்சாலைச் சோதனைக் கணக்கில் அது 20 லீற்றரைக் கொண்டு 280 கிலோமீற்றர் போகின்றது. மொரிஸ் மைனரைவிட ஆறரை மடங்கு வலுவுடன், அது மூச்சுவாங்கும் வவுனியாவையும் கடந்து நிற்கும். கழிந்த காலமே பொற்காலம் என்று பேசுவோர் இக்கணக்கை ஒருமுறை நோக்கல் வேண்டும். நாமும் நோக்கிச் சற்று வெட்கினோம்.

மாற்றியமைத்தலில் மாணவர்களின் கண்கள் இன்னும் ஒளிர்ந்தன. இவ்வித்தையின் அடிப்படை எளியது. எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணித்தால், கூடுதலான பெற்றோலை எரிக்கலாம், வலு ஏறும். ஹெல்கற்றின் மேலே இருக்கும் 'சுப்பர்சார்ஜர்' அவ்வாறு காற்றைத் திணிக்கும் யந்திரம். உச்ச வேகத்தில் அதனைச் சுழற்றுவதற்கு மாத்திரம் 80 குதிரைவலு செலவாகின்றது. யாழ்ப்பாணத்து வீதிகளிற் புகழ்பெற்ற ஒஸ்ரின் ஏ-40 காரின் முழு வலுவும் ஏறத்தாழ 40 குதிரை என்பதை நினைத்தால், ஹெல்கற்றின் விசிறியை மட்டும் சுழற்ற இரண்டு ஏ-40 வேண்டும். 2023இல் வந்த இறுதிச் சலஞ்சரான டீமன் 170, சாதாரண அமெரிக்கப் பெற்றோலில் 900 குதிரைவலுவும், மதுசாரம் மிகுதியாய்க் கலந்த 'ஈ-85' எரிபொருளில் 1,025 குதிரைவலுவும் தந்தது. அறுபது மைல் வேகத்துக்கு 1.66 விநாடி என்றனர். எரிபொருளை மாற்றினாலே 125 குதிரை!

எரிபொருளின் தரத்தைக் குறிக்கும் 'ஒக்ரேன்' எண்ணைப் பற்றி ஒரு மயக்கத்தையும் தெளிவித்தல் நன்று. அமெரிக்கர் 93 என்பதும் நாம் 92 என்பதும் அயல் வீடுகளல்ல. அவர்கள் இரண்டு சோதனைகளின் சராசரியைச் சொல்வார்கள். நாம் அவற்றுட் பெரிய எண்ணை மாத்திரம் சொல்வோம். எமது 92 அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 87. எமது 95 அவர்களின் 91க்கு அருகில் வரும். சிலிண்டருக்குள் கலவையைப் பன்னிரண்டில் ஒரு பங்காக அமுக்கும் மஸ்டாங் ஜீ.ரீ. எஞ்சின் உயர்தரப் பெற்றோலில்தான் தன் முழு வலுவைக் காட்டும். தரங் குறைந்தால் கலவை நேரங் கெட்டு வெடிக்கும், எஞ்சின் 'தட்டும்'. புதிய கார்களிலே கணினி அதனைக் கேட்டுணர்ந்து வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மாணவர்கள் டீமனின் மதுசாரத்தை வியந்துகொண்டிருக்கையில், வெள்ளவத்தை மாணவரின் பேரனார், மகனது வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியவர், மெல்லச் சிரித்தார்.

"எரிபொருளை மாத்தி ஓடுறது பெரிய காரியமோ தம்பி? நாங்கள் ஏ-40ஐ மண்ணெண்ணெயிலை ஓட்டினனாங்கள்."

இது வேடிக்கைப் பேச்சன்று. 1990ஆம் ஆண்டு ஜூனிற் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டுடன் ஓரளவு கிடைத்தது. அப்பொழுது கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடந்த ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மறுபிறவி எடுத்தன. காரணம் அவற்றின் பழமையே. ஏ-40இன் எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அமுக்கும். ஒக்ரேன் மிகக் குறைந்த மண்ணெண்ணெயை அவ்வளவு மென்மையான அமுக்கம் பொறுத்துக்கொள்ளும்; புதிய எஞ்சின் பொறுக்காது. இங்கிலாந்திலும் 1940களில், வரி குறைந்த எண்ணெயில் ஓடுதற்கென்றே அமுக்கம் குறைத்த பேர்குசன் உழவு யந்திரங்கள் செய்யப்பட்டன. அங்கே ஆலைகள் செய்ததை இங்கே கராஜ்காரர் குறட்டையும் குழாயையும் கொண்டு செய்தார்கள்.

சிக்கல் தொடக்கத்திலேதான் இருந்தது. குளிர்ந்த எஞ்சினுள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே பற்றாது. சிறு போத்தலொன்றிற் பெற்றோலை மருந்துபோல வைத்திருந்து, மெல்லிய குழாய் வழியே சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பிப்பார்கள். எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வெண்மேகமாய்ப் பின்தொடரும். வலு குன்றும், எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயைக் கெடுக்கும், பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது அன்றாடத் தொழிலாகும். வழியில் எஞ்சினை நிறுத்திவிட்டால் மறுபடி அந்தப் போத்தலைத் தேடவேண்டும். பிரசவ வேதனையில் இருந்த பெண்ணொருத்தியை நள்ளிரவிற் பெரியாசுபத்திரிக்கு ஏற்றிச் சென்றபொழுது, வாசலில் எஞ்சினை நிறுத்தாமலே காத்துநின்றதாகப் பெரியவர் கூறினார். போத்தலில் அடுத்த முறைக்குத் துளி மிச்சமில்லையாம்.

அந்த மண்ணெண்ணெயும் சும்மா கிடைத்ததன்று. மின்சாரம் இல்லாத அந்நாட்களில், ஜாம் போத்தலிற் சிறு திரி வைத்து, மணிக்கணக்காய் எரியக்கூடிய சிக்கன விளக்கின்முன் இருந்தே அங்கு மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். காருக்கு ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் எவருடைய விளக்கிலிருந்தோ எடுத்ததுதான். "அந்தப் பயணம் போகத்தான் வேணுமோ எண்டு வீட்டிலை ஒரு வழக்கே நடக்கும். இவன்ரை தேப்பன் அப்ப ஓ.லெவல்" என்றார் பெரியவர். பேரன் தலையை உயர்த்தித் தகப்பனாரைப் பார்த்தான். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சியது பெறுமதி. அமெரிக்காவில் இது விலைப்பட்டியல் விவகாரம். டீமன் 170இன் அடிப்படை விலை 96,666 டொலர். உற்பத்தி நின்றுவிட்டமையால் அவ்வகை அரிய கார்களைப் போர்வை மூடிப் பாதுகாப்போர் பலர். இங்கே கணக்கு வேறு. சலஞ்சர் வலப்பக்கச் சுக்கானுடன் ஆலையிலிருந்து வந்ததேயில்லை. கமாரோவை அவுஸ்திரேலியாவில் வெட்டிப் பிரித்து மாற்றினார்கள். மஸ்டாங் மாத்திரம் 2015ஆம் ஆண்டு வகையிலிருந்து வலப்பக்கச் சுக்கானுடன் ஆலையிலேயே செய்யப்படுகின்றது. எனவே எம் போன்ற இடப்பக்கம் ஓடும் நாட்டாருக்கு மூன்றுள் ஒன்றே இயல்பான கார். அதற்கும் எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ப ஏறும் தீர்வையைச் செலுத்தல் வேண்டும். ஐந்து லீற்றர் எஞ்சினுக்கு வரும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும்.

மேலும் இந்நாட்டிற் காரின் பெறுமதியைத் தீர்மானிப்பது காரன்று, அந்நியச் செலாவணி. 1960களின் தொடக்கத்தில் டொலரும் பவுணும் குறைந்தபொழுது கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை பழைய கார்களைத் திருத்தித் திருத்தியே ஓடினோம். 2020 மார்ச்சில் மறுபடி கதவு மூடப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறந்தது. அவ்வைந்தாண்டில், வாங்கிய விலைக்கு மேலாகப் பழைய யப்பானியச் சிறு கார்களை விற்றவர்களை நாம் அறிவோம். இவ்வாறு திருத்தித் திருத்தி வளர்ந்த கைத்திறனுக்கு ஒரு பயனும் விளைந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பார், 1990களில் அக்காரின் தகட்டு உறுப்புகளை இலங்கையிற் செய்வித்து அங்கே எடுப்பித்தார். மொரிஸைப் பெற்ற நாடே அதன் மட்காட்டுக்கு எம்மிடம் வந்தது!

தீர்ப்பைக் கேட்டு மாணவர்கள் விடாப்பிடியாய் நின்றார்கள். சொன்னோம்: வளைவுக்குக் கமாரோ, குடும்பத்துக்கும் ஆரவாரத்துக்கும் சலஞ்சர், கொலன்னாவையிலிருந்து 20 லீற்றருடன் புறப்படுவோர்க்கு நான்கு சிலிண்டர் மஸ்டாங்.

"நாலு சிலிண்டரோ?" என்று இருவரும் ஒரே குரலிற் கேட்டார்கள். மாலை முழுவதும் அவர்கள் ஒத்துப்போன இடம் அதுவொன்றே. "அது மசில் காரே இல்லை மாமா. சத்தமே வராது."

பெரியவர் மட்டும் ஆர்வத்துடன் எம் பக்கம் திரும்பினார். "அதின்ரை அமுக்கம் எவ்வளவு?" என்று கேட்டார்.